நாணயச் சுழற்சி மீது பழி போடாதீர்கள்

கேள்வி: 2023 ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டோமே, யார் காரணம்? மழை மேகத்தில் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தெடுத்த நம் அணித் தலைவர் ஷானகதான் என்கிறார் மாமா. அன்று இந்தியாவுக்குக் கைதட்டிய என் தம்பியோடு அவர் இன்னும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.
– ஒரு வாசகர், பதுளை

பதில்: தம்பி கைதட்டாமல் இருந்திருந்தாலும் இந்திய வேகப்பந்து வீச்சாளர் சிராஜின் பந்து வளைந்திருக்கும்! மாமா வெற்றிலை மடிப்பதற்குள் ஒரே ஓவரில் 4 விக்கெட். மொத்தம் 21 ஓட்டங்களுக்கு 6. நாணயச் சுழற்சியைக் குற்றம் சொன்னால், அதே ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி மும்பையில் நடந்ததற்கு என்ன பதில்? உலகக் கிண்ணப் போட்டியில் அங்கே முதலில் பந்து வீசியும் பார்த்தோம். கிடைத்தது 55 ஓட்டங்கள், 302 ஓட்டத் தோல்வி! புதுப்பந்து வளையும்போது விட வேண்டியதை விடத் தெரியாத முன்வரிசைதான் காரணம். பந்துவீச்சு சோடையில்லை. இறுதிக்கு ஐந்து நாள் முன்புதான் நம் சுழற்பந்துக்காரர்கள் இந்தியாவின் 10 விக்கெட்டையும் பிடுங்கினார்கள். வெல்லாலகேக்கு மட்டும் 5.

தம்பியை விட்டுவிடச் சொல்லுங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் நம் மலையகத் தாத்தா பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. அதனால் ‘நீ எந்த நாட்டுக்காரன்?’ என்ற கேள்வி லயத்துக்குள் ஒலிக்கவே கூடாது. நம் முரளி தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டாக வீழ்த்தியதே ஓர் இந்தியரைத்தானே! அதற்குக் கைதட்டாத வீடு மலையகத்தில் இருந்ததா? 2024 ஆகஸ்ட்டில் வண்டர்சே 6 விக்கெட் எடுத்து இந்தியாவைச் சாய்த்தபோது தம்பி எப்படிக் கத்தினான் என்று மாமாவிடமே கேளுங்கள்.