அண்ணாச்சிக்கு இடப்பக்கம்

அந்தக் காலத்தில் சான் ஹோசேயில் எங்கள் வெள்ளிக்கிழமைப் போக்கர் ஏழு மணிக்கு என்றால், ஆறரைக்கே கதவைத் தட்டுவார்கள். பிறந்தநாள் விருந்துக்குக்கூட கேக் வெட்டி முடித்த பிறகு போய்ச் சேருகிற கூட்டம் இது. சீட்டின் மேல் பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணாச்சிக்கு இடப்பக்க நாற்காலியைப் பிடிக்கத்தான் அவ்வளவு அவசரம்.

போக்கரில் முறை இடப்பக்கமாகச் சுற்றி வரும். அண்ணாச்சிக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவன், அவர் எவ்வளவு தள்ளுகிறார் என்று பார்த்துவிட்டு நிதானமாக முடிவெடுக்கலாம். வலப்பக்கத்தான் பாடு திண்டாட்டம். அவன் யோசித்து யோசித்து இரண்டு டாலர் வைப்பான். வைத்த கை மேசையை விட்டு எழுவதற்குள் அண்ணாச்சி அதைப் பதினைந்து ஆக்கியிருப்பார்.

ஊரே அப்போது அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. 2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை டென்னஸியிலிருந்து வந்த ஒரு கணக்கர் ஜெயித்தார். பெயர் கிறிஸ் மணிமேக்கர். நான் வைத்த பெயரல்ல, சொந்தப் பெயரே அதுதான். நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி இணையத் தகுதிச் சுற்றில் நுழைந்தவர், 25 லட்சம் டாலரோடு வீடு திரும்பினார். கடைசி இருவரில் ஒருவராக அவர் சாமி ஃபர்ஹாவோடு மோதியபோது, ஃபர்ஹாவிடம் ஒன்பதில் ஒரு ஜோடி இருந்தது. மணிமேக்கரிடம் ஒரு ராஜாவும் எதற்கும் உதவாத ஏழும். மொத்தச் சில்லுகளையும் நடுவே தள்ளினார். ஃபர்ஹா ஆட்டத்தை விட்டுச் சீட்டைப் போட்டுவிட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள். அடுத்த வருஷம் அந்தப் போட்டிக்கு வந்தவர்கள் 839-லிருந்து 2,576 ஆனார்கள்.

அண்ணாச்சிக்கு மணிமேக்கர் தேவைப்படவில்லை. கோவில்பட்டிப் பக்கம் மூணு சீட்டு ஆடி வளர்ந்தவர். அதில் சீட்டைப் பார்க்காமல் 'ப்ளைண்டு' ஆடுகிறவன் ஒரு ரூபாய் வைத்தால், பார்த்து ஆடுகிறவன் இரண்டு ரூபாய் வைக்க வேண்டும். துணிந்தவனுக்குப் பாதி விலை என்று சட்டமே போட்டு வைத்திருக்கிற ஆட்டம். அந்தப் பள்ளியில் படித்தவரிடம் போய் 'நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஏற்றுங்கள்' என்று யார் சொல்வது?

எனவே நாங்கள் மாறினோம். முதலில் கையில் ஒன்றுமில்லாமல் அவரை மிரட்டுகிற 'ப்ளஃப்' அடிப்பதை நிறுத்தினோம். சீட்டைப் போடவே தெரியாதவரைப் பயமுறுத்தி என்ன பயன்? இரண்டாவது, நல்ல சீட்டு வந்தால் ஏற்றாமல் 'செக்' என்று முனகினோம். பணத்தை நடுவில் கொண்டுவந்து கொட்டுகிற வேலையை அவரே செய்வார். மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குவது: சுமாரான கையை வைத்துக்கொண்டு கடைசிவரை கூடவே போவது.

ஓர் ஆட்டம் நன்றாக நினைவிருக்கிறது. என் கையில் ஏஸும் பத்தும். மேசையில் பத்து, ஏழு, இரண்டு. அண்ணாச்சி வைத்தார், நானும் அதே தொகையை வைத்துக் கால் செய்தேன். நாலு விழுந்தது, மறுபடியும் வைத்தார், கால். கடைசிச் சீட்டு ராஜா. நடுவில் 60 டாலர் கிடந்தது. அவர் இன்னொரு 60-ஐத் தள்ளிவிட்டு முறுக்கை எடுத்துக் கடித்தார். ராஜா வந்துவிட்டது, போட்டுவிடு என்கிறது பயம். கணக்கு வேறு சொல்லும். 60 வைத்து 120-க்கு ஆடுகிறேன்; மூன்றுக்கு ஒரு தடவை நான் ஜெயித்தாலே கைக்காசு போகாது. அண்ணாச்சியோ மூன்றில் இரண்டு தடவை ஒன்றுமில்லாமல்தான் தள்ளுவார். வைத்தேன். எட்டும் ஒன்பதும் காட்டினார். ஆறு விழும், இல்லாவிட்டால் ஜாக்கி விழும் என்று காத்திருந்து இரண்டும் விழாத கை. முறுக்கை மட்டும் முழுதாக முடித்தார்.

இப்போது மேசையில் எங்கள் பிள்ளைகள். வார நாளெல்லாம் மடிக்கணினியில் 'சால்வர்' ஓட்டுகிறார்கள். எந்தக் கையை நூற்றுக்கு எத்தனை தடவை ஏற்ற வேண்டும் என்று அது சொல்லித் தருகிறது. 2017-ல் பிட்ஸ்பர்க்கில் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் 1,20,000 ஆட்டங்கள் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. நடுவில் இருப்பதைவிடப் பல மடங்கு தூக்கி வைப்பது அதன் பழக்கங்களில் ஒன்று. அண்ணாச்சி செய்தால் கோட்டி, கணினி செய்தால் கோட்பாடு. பையன்கள் ஒவ்வொருவரும் இன்று அண்ணாச்சி மாதிரியே ஆடுகிறார்கள். சதவீதம் மட்டும் கூடுதலாகத் தெரியும்.

அண்ணாச்சிக்கோ இரண்டு ஸ்டென்ட், வீட்டுக்கடன், மகள் கல்லூரியில். மணிக்கணக்கில் சீட்டைப் போட்டுக்கொண்டே, எண்ணெய் இல்லாத மக்கானாவைக் கொறித்துக்கொண்டிருப்பார். அவர் மாறியது எங்களுக்குத் தெரியும். பையன்களுக்குத் தெரியாது. அவர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது பழைய அண்ணாச்சியின் வீரக்கதைகள்.

போன தீபாவளி சமயம் என் மகன் கையில் ராஜாவும் ஜாக்கியும். மேசையில் ராஜா, எட்டு, மூன்று. பிறகு ஆறு, இரண்டு. அண்ணாச்சி நடுவில் இருந்த அளவுக்கே ஒரு குவியலைத் தள்ளினார். நான் மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டக் கூடாது, விதி அப்படி. அவன் உதடு அசைய மூன்றில் ஒன்று கணக்கைப் போட்டான். அதே கணக்குதான், ஆள்தான் வேறு. கால் செய்தான். அண்ணாச்சி கையில் இரண்டு எட்டு.

"நீங்க ஒண்ணுமே இல்லாம தள்ளுவீங்கன்னு அப்பா சொன்னாரே அங்கிள்!"

"உங்கப்பா ரொம்ப நல்லவரு தம்பி" என்று சில்லுகளை அடுக்கினார் அண்ணாச்சி. இருபது வருஷத்துக்கு முன் தோற்ற பணத்துக்கு வட்டி வசூல் நடக்கிறது.

பையன்கள் படிப்பாளிகள், பாடம் கற்றுக்கொண்டார்கள். அங்கிள் வைத்தால் போட்டுவிடுவது என்று தங்களுக்குள் முடிவாகிவிட்டது. அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் பெரிய தொகையைத் தள்ளினார். வரிசையாகப் போட்டார்கள். சீட்டைக் கட்டோடு கலக்கப் போன அண்ணாச்சியின் கையை என் மகன் பிடிக்காத குறை. "ஒரே ஒரு தடவை காட்டுங்க அங்கிள், ப்ளீஸ்."

"காட்டணும்னா காசு வைக்கணும்லா தம்பி."