மூன்று வாற்ஸ் விஞ்ஞானம்

1960 மே 16ஆம் திகதி தியடோர் மைமன் என்ற அமெரிக்கர் ஒரு மாணிக்கக் கோலில் இருந்து உலகின் முதல் லேசர் ஒளியை எடுத்தார். இன்று அந்த வித்தை வீட்டு விறாந்தைக்கு வந்துவிட்டது. பழைய டிவிடி றைற்றரில் ஒரு சிவப்பு டையோட், கழித்துவிட்ட புரொஜெக்டரில் ஒரு நீல டையோட், சூடு தணிக்க அலுமினியக் கட்டி, மின்னோட்டத்தை அடக்க ஒரு சின்னச் சுற்று. தீக்குச்சி பற்றுகிறது, கறுப்பு பலூன் வெடிக்கிறது. இன்னும் கொஞ்சம் கூட்டினால் என்ன என்று கை துறுதுறுக்கிறது.

1990களில் யாழ்ப்பாணத்துப் பொடியன்களுக்கும் கை இப்படித்தான் துறுதுறுத்தது. ஆனால் அவர்களுடைய ஆராய்ச்சி, இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்பது.

1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே சண்டை மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் அரசின் தடைப் பட்டியலில் ஏறின. மண்ணெண்ணெய் யானை விலை. அப்போது வீட்டுக்கு வீடு வந்து குந்தியதுதான் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு எண்ணெய், கம்பியில் நிற்கிற நூல் திரி. போத்தலே சிமினி. சரிந்தாலும் எண்ணெய் சிந்தாது. அந்த வெளிச்சத்தில் படித்து டொக்டரானவர்கள் உண்டு. மூக்கில் கண்ணாடி ஏறியதும் அதனால்தான் என்பது அவர்களுடைய தாய்மாரின் கட்சி.

மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடியது. ஆனால் குளிர்ந்த எஞ்சின் அதற்கு எழும்பாது. காபரேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி ஏமாற்ற வேண்டும். பிரியாணி என்று கூட்டிப்போய்ப் பழஞ்சோறு போடுகிற மாதிரி. பின்னால் வருகிறவர் புகையில் குளித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே, பற்றரி இல்லாத றேடியோவைப் பாடவைக்க டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்து, ஒருவர் ஏறி மிதிக்க வேண்டும். வருவது 6 வோல்ற், 3 வாற்ஸ். அது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். ஆகவே பழுதான றேடியோவின் வயிற்றில் இருந்து நாலு டையோட்டைப் பிடுங்கி இடையில் கட்டுவார்கள். பாட்டு கசற் போட்டால் மிதிக்கிறவரின் களைப்பு பாடகரின் குரலில் தெரியும். வேகம் கூடினால் பெண்குரல், குறைந்தால் ஆண்குரல்.

இந்தக் கட்டுரைக்காரருக்கு அப்போது பன்னிரண்டு வயது. சித்தப்பா பொறியியலாளர், கட்டுரைக்காரர் மின்னுற்பத்தி நிலையம். ஒரு நாள் இரவு பிபிசி தமிழோசையில் பேச்சுவார்த்தை பற்றிய செய்தி தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் காலில் நுளம்பு கடித்தது. மின்னுற்பத்தி நிலையம் சொறியக் குனிந்தது. றேடியோ வசனத்தின் பாதியை விழுங்கியது.

“என்ன சொன்னவன்?” என்று முற்றத்தில் இருந்த பதினைந்து பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

“டேய், மிதியடா!” என்றார் சித்தப்பா.

அடுத்த நாள் தெருவில் மூன்று விதமான சமாதானம் உலவியது. மூன்றும் வரவில்லை.

ஒரு வாற்ஸ் நீல லேசருக்கு நாலைந்து வாற்ஸ் மின்சாரம் வேண்டும் என்று இப்போது கட்டுரைக்காரர் கணக்குப் பார்க்கிறார். அந்தச் சைக்கிளால் அதை முழுப் பலத்தில் எரித்திருக்க முடியாது. நல்லதுதான். சாதாரண லேசர்ச் சுட்டியின் வழக்கமான வரம்பு 5 மில்லிவாற்ஸ். ஒரு வாற்ஸ் அதைப்போல 200 மடங்கு. இமை மூடக் கால் செக்கன் போகும். விழித்திரை அதற்குள் வெந்துவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியிலோ கைக்கடிகாரத்திலோ பட்டுத் தெறித்து வந்தாலும் அதே கதை. ஜாம் போத்தலிடம் இப்படிப்பட்ட வஞ்சகம் இருக்கவில்லை.

ஆகவே லேசர் செய்கிற தம்பி தங்கைமாரே, அந்த நிற ஒளிக்கென்றே செய்த பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி உதவாது. மின்சாரம் நின்றுவிட்டால் மிதிப்பதற்குக் கட்டுரைக்காரரைக் கூப்பிட வேண்டாம். முழங்கால் இப்போது சரியில்லை.