பதினேழணா வைத்தியர்

காசியைவிட வீசம் கூடுதல் புண்ணியம் என்பது விருத்தகாசி எனப்படும் எங்கள் விருத்தாசலத்தின் பழம்பெருமை. வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அந்தக் கணக்கை வைத்தியத்துக்கும் எடுத்துக்கொண்டவர் எங்கள் அண்ணன். டாக்டர் பதினாறணா என்றால் அண்ணன் பதினேழணா. அந்தக் கூடுதல் ஓரணா, கைப்பேசி.

பெயர் வேண்டாம். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அண்ணனுக்குத் தொழில் பீங்கான். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் சின்னப் பட்டறை. பியூஸ் கேரியர், அகல் விளக்கு, பொம்மை. சூளையிலிருந்து இறக்கியதை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். ‘டிங்’ என்றால் விற்பனைக்கு, ‘டொக்’ என்றால் குப்பைக்கு. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலையும் அவர் காது பிடித்துவிடும். கைப்பேசியில் வரும் எதையும் அவர் சுண்டிப் பார்த்ததில்லை.

அவர் எப்படிப் படிக்கிறார் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். முதலில் தலைப்பு. பிறகு ஆச்சரியக்குறிகளை எண்ணுவார். மூன்றுக்குக் குறைந்தால் சரக்கு மட்டம். நடுவில் உள்ளதை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, ‘அனைவருக்கும் பகிருங்கள்’ என்ற கடைசி வரிக்கு வந்து, அதை மட்டும் சொன்னபடி செய்வார். தேதி பார்ப்பதே இல்லை. “நோய்க்கு ஏது தம்பி தேதி?”

பல கை மாறி வந்த செய்திக்கு வாட்ஸாப் இரட்டை அம்புக்குறி போடும். உஷாராகப் படி என்று அதற்குப் பொருள். அண்ணனுக்கோ அது ஐ.எஸ்.ஐ. முத்திரை: “இத்தனை பேர் அனுப்பியிருக்காங்களே, பொய்யா இருக்குமா?” 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். அண்ணன் அசரவில்லை. ஒவ்வொரு குழுவாக, பொறுமையாக, விடிவதற்குள் முடித்துவிடுவார்.

இணையத்தில் உடல்நலச் செய்தி தேடும் திறமையை அளக்க, கனடாவின் நார்மன், ஸ்கின்னர் இருவரும் 2006-இல் எட்டுக் கேள்விகள் வகுத்தார்கள். நல்ல தகவலையும் மட்டமானதையும் பிரித்தறிய உனக்குத் தெரியுமா என்கிற மாதிரி கேள்விகள். கேள்விக்கு ஐந்து மதிப்பெண்; போடுபவர் நாமேதான். அண்ணனிடம் கொடுத்துப் பார்த்தேன். நாற்பதுக்கு நாற்பது. “ஒன்பதாவது கேள்வி இல்லையா?” என்றார்.

போன வாரம் காலையில் ஓர் ஏப்பம் வந்தது. கைப்பேசியில் தேடினார். பத்து மணிக்கு அது இதய நோய், மதியம் கல்லீரல், விளக்கு வைக்கும் நேரத்தில் கணையத்துக்கு வந்து நின்றது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, “ராத்திரி தின்ன நாலு பரோட்டாவையும் சேத்துப் போட்டுத் தேடுங்க” என்றார். அதோடு நோய் தீர்ந்தது.

ஒருநாள் பட்டறைக்குப் போனேன். குவார்ட்ஸ் பொடி மூட்டையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். புருவம், மீசை எல்லாம் வெள்ளை. துண்டு தலையில் இருந்தது. மூக்கில் ஒன்றும் இல்லை. இருமினார்.

“இந்த இருமலுக்கு என்னண்ணே தேடினீங்க?”

“இது தூசி இருமல் தம்பி, முப்பது வருஷமா இருக்கு. இதையெல்லாமா தேடுவாங்க?”

உலகத்து நோயெல்லாம் தேடியவர், தன் கூரைக்குக் கீழே இருப்பதைத் தேடவில்லை. குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்கா. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும். சிலிகோசிஸ் என்று பெயர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றது. வந்தால் குணமாக்க மருந்தில்லை, வராமல் தடுக்கலாம். பொடியை நனைத்துக் கையாள வேண்டும், தூசியை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும், அதற்கென உள்ள முகக்கவசம் போட வேண்டும். துண்டு போதாது.

இதை அப்படியே தட்டச்சு செய்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறேன். படிக்க வேண்டுமே என்று ஆச்சரியக்குறி மூன்று போட்டிருக்கிறேன்.