மாமன் கலவை போட்ட ஊரு

வா மாப்ள, உக்காரு. மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல வச்சு துபாய் ஃப்ளாட்டு வித்தாய்ங்களாமே? காப்பி, கேக்கெல்லாம் குடுத்தாய்ங்களாம்ல. வெவரமான ஆளுகதான். கை நனைச்ச எடத்துல நம்மாளு எதுத்துப் பேச மாட்டான்.

தாராளமா வாங்கு. நான் எதுக்குத் தடுக்கப் போறேன்? போன வருசம் கம்மாக்கரையில அரை ஏக்கர் இருக்குன்னு சொன்னேன். முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டே. மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல்னு ஒண்ணு விடல. சர்வேயரைக் கூட்டியாந்து வரப்பு வரப்பா நடந்தே. கடைசியில வாய்க்கா ரெண்டடி உள்ள ஏறியிருக்குன்னு வேணாம்னுட்டே. அப்பேர்ப்பட்ட ஆளு, இப்ப எட்டாவது மாடியில வீடு வாங்கிருக்கே. அங்க அஸ்திவாரமே இன்னும் தோண்டலையாம். அப்ப நீ வாங்குனது காத்து மாப்ள. காத்துக்கு ஏது வாய்க்கா வில்லங்கம்?

அந்த ஊரு எனக்குப் புதுசா? 79-ல வர்த்தக மையம்னு 39 மாடியத் தொறந்தாய்ங்க. அடுத்த வருசம் நான் போய் எறங்குறப்ப அதைச் சுத்தி மணலு, மணலு, மணலுதான். அங்க கலவை போட்ட எங்களுக்கு ஒரு சாண் எடம் சொந்தமா எழுதித் தர மாட்டாய்ங்க. 2002-லதான் வெளிநாட்டுக்காரனும் வாங்கலாம்னாய்ங்க, அதுவும் அவுக காட்டுற பகுதியில மட்டும். உடனே குமிஞ்சிருச்சு கூட்டம். ஏழே வருசம். 2009-ல வெலையெல்லாம் பொலபொலன்னு உதிர்ந்துச்சு. கடன்காரன் காரை ஏர்போர்ட்லயே போட்டுட்டு ஓடுனான். கடலுக்குள்ள பேரீச்சமரம் மாதிரி தீவு போட்டாய்ங்களே, அந்தக் கம்பெனிக்குத் தாய்க் கம்பெனி துபாய் வேர்ல்டு, அதுவே கடனைக் கட்ட ஆறு மாசம் தவணை கேட்டு நின்னுச்சு.

குறையவே சொன்னா மாமனுக்குப் பொறாமைன்னுவே. நல்லதும் இருக்கு. கட்டுறவன் உன் காசை மடியில கட்டிட்டுப் போகாம இருக்க 2007-லயே சட்டம் போட்டுட்டாய்ங்க. நீ குடுக்குற தவணை தனிக் கணக்குல கெடக்கணும், வேலை நடக்க நடக்கத்தான் அவன் எடுக்கணும். அந்தக் கணக்கு நம்பர் என்னன்னு கேட்டியா? கேக்கலையா? சரி, கேக்கு நல்லாருந்துச்சா?

அப்புறம் அந்த ஊர்க் காசை டாலரோட சேத்து முடிச்சுப் போட்டு வச்சிருக்காய்ங்க, டாலருக்கு 3.67 திர்ஹாம். ரூவா சரிஞ்சா உனக்குத்தான் லாபம்னு சொல்லியிருப்பானே, சொன்னானா? மெய்தான். தவணை பாக்கி இருக்கும்போது ரூவா சரிஞ்சா யாருக்குன்னும் கேட்டிருக்கலாம்.

பதிவுக்கு நூத்துக்கு 4. ஆளு குடியிருந்தாலும் இல்லாட்டியும் வருசா வருசம் பராமரிப்புக் காசு, சதுர அடிக் கணக்குல. இங்கருந்து ஒரு ஆளு வருசத்துக்கு ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும்தான் அனுப்பலாம். அதுலயும் 10 லட்சம் ரூவாயத் தாண்டுனா, தாண்டுனதுக்கு நூத்துக்கு 20 பேங்க்காரன் வரியாப் பிடிச்சுக்கிருவான். கோடி ரூவா அனுப்பணும்னா 18 லட்சம் தனியா வேணும். பின்னால வரிக்கணக்குல கழிச்சுக்கலாம். அதுவரைக்கும் ராத்திரி தூக்கத்தைக் கழிச்சுக்க.

அங்க வாடகைக்கு வரியே கெடையாதுன்னு சொல்றே. சரிதான். ஆனா நீ குடியிருக்கறது வேளச்சேரியிலல்ல? அங்க வர்ற வாடகைக்கு இங்க வரி கட்டணும். வீடு இருக்கறதையும் கணக்குல காட்டணும், மறைச்சா 10 லட்சம் அபராதம் தீட்டிருவாய்ங்க.

என்ன மாப்ள, தண்ணி வேணுமா?

வீடு கைக்கு வந்தா என்னையும் கூட்டிட்டுப் போ. தரைக்கல்லை ஒத்த ரூவாக் காசால தட்டிப் பாப்பேன். அடியில கலவை நெறஞ்சிருந்தா 'டக்'குங்கும். காத்து நின்னுச்சுன்னா 'டொப்'புங்கும். இப்பத் தட்டிப் பாக்க ஓட்டல்ல குடுத்த இந்தப் படப் பொஸ்தகம்தான் இருக்கு. நல்லா மொத்தமான காயிதம். வச்சுட்டுப் போ, ஒங்க அத்தை அலமாரியில விரிக்கத் தேடிட்டிருந்தா.