பட்டியல் அப்பா

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு வீட்டில் பிரசவம் நெருங்குகிறது என்று தெரிந்துகொள்ள வளைகாப்பு அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடலூர் சாலையில் ஏதாவது ஒரு மருந்துக்கடை வாசலைப் பார்த்தால் போதும். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஒரு வைப்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகில் உள்ள பொடியெழுத்தைக் கைபேசி வெளிச்சத்தில் படித்துக்கொண்டு ஓர் இளைஞர் நிற்பார். அவர்தான் பட்டியல் அப்பா. குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கும். “இதுல பாராபென் இருக்கா?” என்று கேட்பார். கடைப்பையனுக்கு பாராசிட்டமால் தெரியும். அதை எடுத்து வைப்பான். ரயில்வே கேட் மூடித் திறந்து மறுபடி மூடும். அவர் இரண்டாவது பாக்கெட்டுக்குப் போயிருப்பார். டயப்பர், கிரீம், எண்ணெய், பவுடர், கொலோன், சளி உறிஞ்சும் ரப்பர் குமிழ், பேட்டரியில் ஓடும் நகம் தேய்ப்பான், வாத்து வடிவில் மிதந்து குளியல் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் கருவி என்று பட்டியல் நீளும். இதில் பாதிக்குமேல் குழந்தைக்காக வாங்கப்படுவதில்லை என்பது என் கட்சி. பிரசவ வீட்டில் ஒரு வேலையும் கொடுக்கப்படாத ஆணின் இரண்டு கைகளுக்காக அவை வாங்கப்படுகின்றன.

சான்று கேட்பவர்களுக்கு முதலில் பக்கத்து மாநிலத்தைக் காட்டலாம். தமிழ்நாட்டில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். மொத்தம் 16 பொருள், மதிப்பு 1,000 ரூபாய். துண்டு, சட்டை, கொசுவலை வைத்த மெத்தை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை இவையெல்லாம் உண்டு. தாய்க்கு ஒரு சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் உண்டு. தூக்குகிறவர்கள் கைகழுவத் திரவமும் உண்டு. பெரியவர்களுக்கானதையும், சாமான் போட்டு வைக்கும் பையையும் சோப்பு டப்பாவையும் கழித்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வேண்டியது ஒரு மஞ்சள் பைக்குள் அடங்கிவிடும். பின்லாந்திலும் 1938 முதல் இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறார்கள். அந்த அட்டைப்பெட்டியையே தொட்டிலாக்கிப் பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் குளிரிலேயே அட்டைப்பெட்டி போதுமானதாக இருந்தது என்றால், நம் ஊர்ச் சித்திரையில் எதற்கு இத்தனை என்று பட்டியல் அப்பாவைக் கேட்டால், “சேஃப்டி சார்” என்பார்.

சேஃப்டியையே எடுத்துக்கொள்வோம். 1894 முதல் உலகத்துக் குழந்தைகள் மேலெல்லாம் தூவப்பட்ட ஜான்சன் பவுடரில் டால்க்கை அந்த நிறுவனமே 2023-இல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டுச் சோள மாவுக்கு மாறியது. எந்த மாவானாலும் பச்சைக் குழந்தையின் மூச்சில் போவது நல்லதில்லை என்பதால் குழந்தை மருத்துவர்கள் பவுடரே வேண்டாம் என்கிறார்கள். நம்மவர் மாவைப் பற்றி நன்றாகப் படித்துவிட்டு, மூன்று விதமான மாவை ஒப்பிட்டு, நான்காவதை வாங்குவார். பால்புட்டிக்கும் டப்பா பாலுக்கும் விளம்பரமே செய்யக்கூடாது என்று நாடாளுமன்றம் 1992-இல் சட்டம் போட்டது. அந்தப் புட்டியைக் கொதிநீராவியில் சுத்தம் செய்யும் மின்கருவி, தாய்ப்பால் சுரக்கும் முன்பே அவர் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கும். பிறந்து 24 மணி நேரம் கழித்துத்தான் முதல் குளியல் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவருடைய வாத்தோ ஏழாம் மாதமே வாளியில் மிதந்து பார்த்தாயிற்று. தண்ணீர்ச் சூடு பார்க்க முழங்கை போதும். பட்டியலில் வரும் பஞ்சுக்குச்சியைக் காதுக்குள் விடவே கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும், மிச்சமான பணத்தைக் கணக்குப் போட்டு அதற்கும் சேர்த்து டயப்பரே வாங்கியவர் அவர்.

புதுச்சேரி என்பதால் இந்த நோய்க்கு இங்கே ஒரு பிரெஞ்சுக் கிளையும் உண்டு. வீட்டில் யாராவது சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்த சிப்பாய், வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்தால், பாரீஸிலிருந்து வருகிற பெரியம்மாவின் பெட்டி சுங்கத்தைத் தாண்டி முதலியார்பேட்டையில் திறக்கப்படும். உள்ளே முஸ்தேலா குப்பிகள், டயப்பர் புண்ணுக்குக் களிம்பு, அப்புறம் விரல் நீளத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழல்கள், ஒவ்வொன்றிலும் 5 மில்லி. பட்டியல் அப்பா அதைக் குங்குமப்பூவைப் போலப் பிரித்து அலமாரியில் அடுக்குவார். அது 0.9 சதவீத உப்புத் தண்ணீர். பெட்டியிலேயே உருப்படியான பொருள் அதுதான் என்பது வேறு விஷயம்: மூக்கடைத்துப் பால் குடிக்கத் திணறும் குழந்தைக்கு உப்புநீர்ச் சொட்டைத்தான் மருத்துவரும் எழுதுவார். அதே உப்புத் தண்ணீர் கடலூர் சாலையிலும் கிடைக்கிறது. விமானம் ஏறி வந்தது என்ற பெருமை ஒன்றுதான் அதற்கு இல்லை.

“எங்க காலத்துல இதெல்லாம் ஏது மாப்பிள்ளை? பொறக்கறதுக்கு முன்னாடி எதையும் வாங்கி வைக்கக்கூடாது” என்று அத்தை குறுக்கிடுவார். அவர் கட்சியிலும் நியாயம் உண்டு. துவைத்துத் துவைத்து மெத்தென்றான தாத்தாவின் பழைய வேட்டியைவிட நல்ல துணியை எந்தக் கம்பெனியும் இன்னும் நெய்யவில்லை. ஆனால் அத்தையின் பட்டியல் எழுதப்படாத பட்டியல், அவ்வளவுதான்; நீளத்தில் குறைவில்லை. உரைகல்லில் இழைத்த வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கண்ணுக்கு மை, மூக்கிலும் காதிலும் எண்ணெய், கொப்பூழில் ஏதாவது ஒரு பொடி, குளித்ததும் சாம்பிராணிப் புகை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர நாக்கில் எதுவும் வைக்க வேண்டாம், கொப்பூழை எதுவும் தடவாமல் காயவிட்டால் தானே விழும் என்பது மருத்துவம். இதைச் சொன்னால் “பாட்டி வைத்தியத்தைப் பழிக்கலாமா” என்பார்கள். அந்தப் பாட்டி வைத்திய அலமாரியில் முதலிடம் பிடித்திருக்கும் கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உட்வர்டு என்ற மருந்துக்காரர் செய்தது. பழைய சரக்கில் சாராயமும் கலந்திருந்தது. குழந்தை ஏன் அழுகையை நிறுத்தியது என்பதை விளக்க அது போதும்.

இன்னொரு கட்சி கொஞ்சம் கனமானது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பதினோராம் நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன பழைய அப்பாக்களைவிட, பொடியெழுத்துப் படிக்கும் இவர் எவ்வளவோ மேல் இல்லையா? மேல்தான், அதில் சந்தேகமே இல்லை. 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. துணி ஆலையில் முறை வேலை பார்த்த தாத்தாவுக்குக் குழந்தையைத் தெரியும், குழந்தையின் துணியைத் தெரியாது. பேரன் மாறிவிட்டான், வீடு மாறவில்லை. பிரசவ அறைக் கதவருகே போனால் “ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?” என்ற கேள்வி இன்றும் காத்திருக்கிறது. அம்மா, அத்தை, சித்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வருகிற ஆயா என்று குழந்தையைச் சுற்றி நாலு வரிசை. அன்பும் பயமும் சம்பளமும் கையில் இருந்து, செய்ய ஒன்றும் இல்லாதவர் கடைக்குத்தான் போவார். ஆகவே அவரைக் கேலி செய்வதோடு நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு வேலை கொடுப்பதே மருந்து. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கலாம். மூத்திரத் துணியை அலசிக் காயப்போடலாம். எடை குறைந்து பிறந்த குழந்தைகளை வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்துக் காப்பாற்றும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் தொடங்கியது. அதற்கு அப்பாவின் நெஞ்சும் செல்லும் என்கிறார்கள் மருத்துவர்கள். சட்டையைக் கழற்றினால் போதும், ஆன்லைனில் தேட வேண்டியதில்லை.

பட்டியலே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. துப்பாக்கிபோல் நெற்றிக்கு நேரே நீட்டுவது வேண்டாம், அக்குளில் வைக்கிற சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது 100.4 டிகிரி காட்டினால் கைவைத்தியமும் பழைய சொட்டு மருந்தும் கூடாது. எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இன்னொன்று, பட்டியல் அப்பாவின் ஒப்பீட்டு அட்டவணையில் இதுவரை இடம்பெறாதது: மருத்துவமனையில் கொடுக்கும் தடுப்பூசி அட்டை. பிறந்தவுடன் பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி. பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம். அப்பாக்களே, அந்த மூன்று தேதிகளையும் இப்போதே கைபேசியில் போட்டு வையுங்கள், அன்றைக்கு லீவும் சொல்லிவிடுங்கள். அரசு சுகாதார நிலையத்தில் இந்தத் தடுப்பூசிகள் அத்தனையும் இலவசம்.