நாற்பது மணி நேரமும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவும்

நர்சிங் மாணவிகளுக்கு நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து சொல்பவர்கள். ஹாஸ்டல் சுவரில் ஒட்டியிருக்கும் வாராந்தர அட்டவணையைப் பார்த்தால் அந்தப் பேச்சு எடுபடாது. வகுப்புக்கு நீலம், வார்டுக்குப் பச்சை, படிப்புக்கு மஞ்சள், தூக்கத்துக்கு வெள்ளை. வெள்ளைதான் தேடினாலும் அகப்படாது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்சி. பாடத்திட்டம், செமஸ்டருக்கு 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம் என்று கணக்குப் போடுகிறது. வாரத்தில் இருப்பதோ 168 மணி நேரம். 40 போக 128 கையில் இருக்க, இந்தப் பிள்ளைகள் ஏன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குகிறார்கள்? நோயாளிகள்மேல் பழி போட வேண்டாம். அந்த நேரத்தையெல்லாம் தின்பது காகிதம் என்பது என் கட்சி.

அந்த 40 மணி நேரத்துக்குள்ளேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். அதே ஒரு கிரெடிட்டை வார்டில் வாங்க வாரம் நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். நிற்கிற மணிக்கு உட்கார்கிற மணியில் கால்வாசி விலைதான். அதுகூடப் போகட்டும், இரவு உட்கார்ந்து எழுதுகிற மணிக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. விடியுமுன் எழுந்து, சீருடைக்கு இஸ்திரி போட்டு, கொண்டைக்கு வலை மாட்டி (பையன்களுக்கு இந்த வலை மட்டும் மிச்சம்), மெஸ் இட்லியை விழுங்கி, மதியம்வரை படுக்கை விரிப்பும் வைட்டல்ஸும் மருந்தும், பிறகு வகுப்பு. இவ்வளவும் கட்டங்களுக்குள் அடங்கிவிடும். அடங்காத வேலை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்குகிறது. காலையில் பார்த்த நோயாளிக்குக் கேர் பிளான், பிறகு கேஸ் ஸ்டடி, அவர் விழுங்கிய மாத்திரைகளுக்கு டிரக் புக், ஹெல்த் டாக்குக்கு சார்ட். அநேகமாக எல்லாம் கையால். பக்கத்துக்கு நான்கு புறமும் பார்டர், தலைப்புக்குச் சிவப்பு, உட்தலைப்புக்குப் பச்சை, அட்டையில் ரத்தக்குழாய்களோடு ஓர் இதயம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவருடைய கேஸ் ஸ்டடி அப்போதுதான் குடும்ப வரைபடத்தில் மூன்றாவது மகளின் மாமியார் வீட்டை எட்டியிருக்கும்.

எழுதுவதுதானே இந்தத் தொழிலின் உயிர், எழுதாதது செய்யாததற்குச் சமமாயிற்றே என்று மூத்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நைட் டியூட்டி சிஸ்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவதைப் பாருங்கள்: நேரம், ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, நோயாளி சொன்ன தொந்தரவு, கையெழுத்து. நாலைந்து வரி. அதற்குள் அடுத்த படுக்கையில் மணி அடித்துவிடும். வேண்டியதை மட்டும் சுருக்கமாக எழுதும் அந்தப் பழக்கத்தைத்தான் கற்றுத்தர வேண்டும். நாற்பது பக்கக் கேஸ் ஸ்டடி அதற்கு நேர் எதிரானதைக் கற்றுத்தருகிறது. புளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஓயாமல் எழுதியவர்தானே என்றால், ஆமாம், வண்ணமும் தீட்டினார். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்த சிப்பாய்களே அதிகம் என்பதை, 1858இல் நீலம், சிவப்பு, கறுப்பு என்று வரைபடமாகவே போட்டுக் காட்டினார். அதில் ஒவ்வொரு நிறமும் ஒரு சாவின் காரணத்தைச் சொன்னது. நம் கேஸ் ஸ்டடியின் சிவப்பும் பச்சையும் பேனா தீராமல் இருந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன.

செல்போனைத் தூக்கிப் போட்டால் நேரம் தானாக வரும் என்பது பெற்றோர் கட்சி. ரீல்ஸில் போகும் நேரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாளைக்குப் போஸ்டிங் லேபர் வார்டுக்கு மாறிவிட்டது, லாக் புக்கோடு வரவும் என்ற தகவல் ராத்திரி பத்து மணிக்கு வந்து விழுவதும் அதே போனில்தான். தூக்கிப் போட்டவள் காலையில் தப்பான வார்டில் நிற்பாள். லீவு போடலாமே என்றால், வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும், வார்டுப் பயிற்சியைப் பட்டத்துக்குமுன் 100 சதவீதமும் முடித்தாக வேண்டும். இன்று விட்டதை விடுமுறையில் நின்று ஈடுகட்ட வேண்டியிருக்கும். தூக்கத்துக்கு மட்டும் யாரும் அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை, ஆகவே எல்லோரும் அங்கேதான் கட் அடிக்கிறார்கள். இதில் சிரிக்க முடியாத ஓர் இடம் உண்டு. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு 0.5 மில்லி 5 மில்லியாகத் தெரிய ஒரு புள்ளி மறைந்தால் போதும்.

கேர் பிளானே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலியா, பயமா, மூச்சுத்திணறலா, எதை முதலில் கவனிப்பது என்று யோசிக்க வைக்கும் நல்ல பயிற்சி அது. அந்த யோசனை ஒரு பக்கத்தில் அடங்கும், வார்டிலேயே மேடம் முன்னால் எழுதிக் கொடுத்துவிடலாம். பார்டரும் பூவும் கட்டாயம் வேண்டும் என்கிற கல்லூரிகள் அதற்கும் கிரெடிட் கேட்டு கவுன்சிலுக்கு எழுதிப் போடட்டும். வார்டில் நான்கு மணி நேரம் நின்றால் ஒன்று என்றால், ஒரு செம்பருத்திக்கு எவ்வளவு என்று அவர்களே கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.