சுத்தியலையும் துணியில் தையுங்கள்!

கேள்வி: சினிமா காமெடிப் பாத்திரங்களைக் கையால் துணிப் பொம்மையாகத் தைத்துச் சேர்க்க ஆசை. வீட்டில் சிரிக்கிறார்களே?
– ஒரு வாசகர், துவாஸ்

பதில்: சிரிக்கிறார்களா? பொம்மை பிறக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்டதே!

இது புதுப் பைத்தியமல்ல. நம் தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து கலகலக்க வைப்பார்கள். கொலுப்படியில் தொந்திச் செட்டியாருக்கு எப்போதும் இடமுண்டு. அமெரிக்காவில் 1915லேயே சார்லி சாப்ளின் பொம்மையாகிவிட்டார்.

'கரகாட்டக்காரன்' (1989) ஜோடியில் தொடங்குங்கள். கவுண்டமணியைத் தனியாகத் தைத்தால் அடிக்க ஆளில்லாமல் வாடிப்போவார். செந்திலோடு வாழைப்பழம் இரண்டு தைப்பது நல்லது. ஒன்று தைத்தால் 'இன்னொன்று எங்கே' என்ற வழக்கு முடியாது. அடுத்து 'ஃபிரண்ட்ஸ்' (2001) படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த நேசமணி. 2019இல் இணையத்தில் உலகமே அவருக்காகப் பிரார்த்தித்தது. அவருக்கான சுத்தியலையும் பஞ்சடைத்தே தையுங்கள். இந்த முறையாவது தலை தப்பட்டும்.

முகத்துக்குச் சாயத்தைவிட நூல் தையல் மேல். புருவத்தை ஒரு நூல் ஏற்றினால் கோபம், இறக்கினால் அப்பாவி. துணிக்குத் துவாஸ் லிங்கில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்குங்கள். தேக்கா சென்டர் மாடியில் தையல்கடைகள் உண்டு. வெட்டுத்துணி கேட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: பஞ்சை வயிற்றில் தாராளமாக அடையுங்கள், தலையில் அளவோடு. கூடினால் உங்கள் சூப்பர்வைசர் சாயல் வந்துவிடும்!